திரும்பி வந்த கடிதங்கள்



சென்ற திங்கள் இப்பகுதியில் ரயிலில் பார்சல் அனுப்பும் முறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர் நூலக வாயிலில் என்னை நிறுத்தி, “பார்சல் போய்ச் சேரும் வழியைச் சொன்னீர்கள்; மகிழ்ச்சி. நம் சங்கத்தின் மின்னஞ்சல் மட்டும் ஏன் எங்களுக்கு வந்து சேர்வதில்லை? அதைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. விடை கூற வேண்டியவனும் நானே. ஏனெனில், குற்றம் என்னுடையது. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. என் தவற்றால் பிறர் ஒரு பாடம் கற்றால் அதுவும் ஒரு பயனன்றோ?

நம் சங்கத்து மகளிர் பிரிவினர் அப்பளம், வடகம், வற்றல், சாம்பார்ப் பொடி, தீபாவளி முறுக்கு ஆகியவற்றைச் செய்து விற்று வருவதை அனைவரும் அறிவீர்கள். இவற்றை வாங்குவோர் நாகபுரியில் உள்ளவர் மட்டுமல்லர். இங்கே பல்லாண்டு வாழ்ந்து, பின்பு மாற்றலாகிப் புசாவல், பிலாஸ்பூர், போபால் என்று பிரிந்து சென்ற குடும்பங்களே பெரும்பகுதி. அவர்களுக்கு நம்மோடுள்ள தொடர்பு பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே. “வாட்ஸ்அப் இருக்க மின்னஞ்சல் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பண்டங்களின் விலைப்பட்டியலும், அனுப்பும் நாளும், பணம் செலுத்தும் வழியும் ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டுமானால் மின்னஞ்சலே தக்கது. குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கிடையே விலைப்பட்டியல் காணாமற்போவதை நாம் அன்றாடம் காண்கிறோமே!

இந்த மின்னஞ்சல் பட்டியலைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்து வருகிறது. நான் பத்தாம் வகுப்பு அளவே படித்தவன். அலுவலகத்தில் பேரேடுகளோடு பழகியவன். பட்டியல் என்றால் அது நீளமாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது என் போன்றோர் இயல்பு. என்னிடம் வந்தபோது அதில் 640 முகவரிகள் இருந்தன. அத்தனையும், “எங்களுக்கு எழுதுங்கள்” என்று கேட்டுக்கொண்ட குடும்பங்கள் தாமே எழுதித் தந்தவை. முந்திய ஆண்டுத் தீபாவளிக்கு அப்பட்டியலிலிருந்து மட்டும் 160 குடும்பங்கள் பண்டம் கேட்டு எழுதியிருந்தன.

கடந்த தீபாவளிக்கு இதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று ஆசை கொண்டேன். பழைய ஆண்டு மலர்களையும் தமிழ் வகுப்புச் சேர்க்கைப் படிவங்களையும் புரட்டி 380 முகவரிகளை எடுத்தேன். பொங்கல் விழாவில் குலுக்கல் பரிசுக்காக மக்கள் கிறுக்கித் தந்த சீட்டுகளிலிருந்து 210 சேர்த்தேன். வேற்றூர் நண்பர் ஒருவர், “என்னிடம் தமிழர் முகவரிகள் நிறைய உள்ளன” என்று 900 அனுப்பி வைத்தார். ஆக மொத்தம் 2,130. செயற்குழுவில் இவ்வெண்ணைச் சொன்னபோது கைத்தட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

விலைப்பட்டியலை அனுப்பினேன். ஒரு மணி நேரத்திற்குள் கடிதங்கள் திரும்பத் தொடங்கின. மாலைக்குள் திரும்பியவை 298; நூற்றுக்குப் பதினான்கு! கடிதங்களை நமக்காக அனுப்பித் தரும் நிறுவனம் மறுநாளே நம் கணக்கை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டது. பதினொருவர் நம் கடிதத்தை “ஸ்பாம்” என்று அழுத்திப் புகார் செய்திருப்பதாகவும் தெரிவித்தது. அது அவர்களுக்குத் தெரிய வந்த கணக்கு மட்டுமே.

கெஞ்சிக் கேட்டு ஒரு வாரத்திற்குப் பின் கணக்கைத் திறக்கச் செய்தேன். “இன்னும் நான்கு நாளில் முன்பதிவு முடிகிறது” என்ற நினைவூட்டுக் கடிதத்தை, இம்முறை எச்சரிக்கையாக, பழைய 640 பேருக்கு மட்டும் அனுப்பினேன். திரும்பி வந்தவை மிகச் சிலவே. அப்பாடா என்று இருந்தேன். ஆனால் பண்டம் கேட்டு எழுதியோர் எத்தனை பேர் தெரியுமா? நாற்பத்து மூவர்.

மகளிர் பிரிவில் ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் ரயில்வேயில் பணியாற்றி இளவயதிலேயே காலமானவர். அப்பளம் இடுவதில் அவருக்கு நிகர் அவரே. முந்திய ஆண்டுக் கணக்கை நம்பி, உளுத்தம் மாவும் பிரண்டையும் எண்ணெயும் கடையில் கடனாக வாங்கி, இரவு பகலாக உழைத்து அப்பளக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். தீபாவளிக்கு இரு நாள் முன்பு அவர் வீட்டிற்குச் சென்றேன். சுவரோரம் கட்டுகள் அப்படியே இருந்தன. “தம்பி, இந்த வருஷம் நம்ம அப்பளம் யாருக்கும் பிடிக்கவில்லையோ?” என்று கேட்டார். பிடிக்காமற் போனது அப்பளமன்று, என் பட்டியல் என்பதை அப்போது நானும் அறியேன். “இல்லை அக்கா, ஏதோ தவறு நடந்திருக்கிறது, கண்டுபிடிக்கிறேன்” என்று மட்டும் சொல்லி வந்தேன். கடைக்காரரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் என்னால் இயலவில்லை.

நிற்க. எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டு நண்பரின் மகள் புனேயில் கணினித் துறையில் பணிபுரிகிறாள். விடுமுறைக்கு வந்திருந்த அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “மாமா, கடிதம் திரும்பி வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல. வீட்டுக்குள் வந்த கடிதம் கூடத்திலும் கிடக்கலாம். கொல்லைப்புறக் குப்பைக் கூடையிலும் கிடக்கலாம். உங்களுடையது கூடையில் கிடக்கிறது.”

சில வீடுகளுக்குச் சென்று பார்த்தேன். அவள் சொன்னது உண்மையே. நம் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தது. ஆண்டுதோறும் நம்மிடம் வாங்கும் அன்பர்கள், “இம்முறை சங்கத்தில் முறுக்குப் போடவில்லை போலும் என்று நினைத்துக் கடையில் வாங்கிவிட்டோம்” என்றார்கள்.

புதிதாகச் சேர்த்த முகவரிகளின் குற்றத்திற்குப் பழைய அன்பர்கள் ஏன் தண்டிக்கப்பட வேண்டும்? இதுதான் எனக்கு விளங்காத புதிர். ரயில்வேக்காரனுக்குப் புரியும் உவமை ஒன்றால் அதை விளக்குகிறேன். சரக்கு வண்டித் தொடரில் ஐம்பது வாகன்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றின் அச்சு சூடேறிவிட்டால், அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவை போகுமா? முழு வண்டியும் நிற்கும். மின்னஞ்சலிலும் அவ்வாறே. கடிதங்களை ஏற்கும் ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற அமைப்புகள் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியே பார்ப்பதோடு நில்லாமல், அனுப்புகிறவர் யார், அவர் இதற்கு முன் எவ்வாறு நடந்துகொண்டார் என்றும் பார்க்கின்றன. அனுப்புநரின் டொமைன் பெயரோடும், கடிதம் புறப்படும் சர்வரின் எண்ணோடும் ஒரு நற்பெயரோ கெட்டபெயரோ ஒட்டிக்கொள்கிறது. கெட்ட பெயர் எடுத்தபின் நல்லவருக்கு எழுதும் கடிதமும் ஐயத்தோடுதான் பார்க்கப்படும். மோசமான முகவரிச் சீட்டு ஒட்டிய பார்சல்களையே நாள்தோறும் கொண்டுவரும் ஒருவர், ஒரு நாள் ஒழுங்கான பார்சல் கொண்டுவந்தாலும் எழுத்தர் அதை இருமுறை புரட்டிப் பார்ப்பார் அல்லவா?

இந்த ஐயப்பாடு காரணமின்றித் தோன்றியதன்று. 1971-இல் ரே டாம்லின்சன் கணினிக்குக் கணினி மின்னஞ்சல் அனுப்பும் வழியைக் கண்டார். ஏழே ஆண்டுகளில், 1978 மே திங்களில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பணியிலிருந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அர்பாநெட் வலையில் அனுப்பினார். அவர்களுள் எவரும் அதைக் கேட்கவில்லை. முகவரிகள் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. முகவரிப் பகுதியில் அத்தனை பெயர்களும் கொள்ளாமல் வழிந்து கடிதத்தின் உள்ளேயே இறங்கிவிட்டனவாம்! உலகின் முதல் ஸ்பாம் என்று இன்று சொல்லப்படுவது இதுவே. கையேட்டைப் பார்த்து முகவரி எடுத்த அவருக்கும், ஆண்டு மலரைப் பார்த்து எடுத்த எனக்கும் என்ன வேற்றுமை? காலம் ஒன்றே.

இனி, பட்டியலைக் கெடுக்கும் முகவரிகள் எவ்வெவை என்பதைப் பார்ப்போம். திரும்பி வந்த 298-ஐயும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அதனால் இதைச் சற்று உறுதியோடு சொல்ல முடியும்.

முதலாவது, மறைந்துபோன முகவரி. ஆண்டு மலரில் 2009-இல் அச்சிட்ட முகவரியை இன்று நம்பினால் எப்படி? அலுவலக முகவரி ஓய்வு பெற்றதும் மூடப்படும். கல்லூரி முகவரி படிப்பு முடிந்ததும் போகும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் வழக்கத்தைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே ஜிமெயில் என்றால் அழியாது என்பதும் இல்லை.

இரண்டாவது, பிழையாக எழுதப்பட்ட முகவரி. குலுக்கல் சீட்டுகளில் வந்தவை பெரும்பாலும் இவையே. “ஜிமெயில்” என்பதில் ஓரெழுத்து இடம் மாறியது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. ஒன்று என்ற எண்ணா, எல் என்ற எழுத்தா என்று தெரியாத கிறுக்கல். பிழையான முகவரி வேறொருவருக்கு உரியதாக இருந்துவிட்டால் தொல்லை இன்னும் பெரிது. கடிதம் திரும்பாது, முன்பின் அறியாத ஒருவர் நம்மைப் புகார் செய்வார்.

மூன்றாவது, பொறி முகவரி. இது நான் கேட்டறியாத புதுமை. எலிக்குப் பொறி வைப்பதுபோல, ஒழுங்கற்ற அனுப்புநரைப் பிடிக்கவே வைக்கப்படும் முகவரிகள் உண்டு. அவற்றில் ஒருவகை, எந்த மனிதருக்கும் எக்காலத்தும் உரியதாக இல்லாதது. வலைப்பக்கங்களில் மறைவாகப் போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கைப்பற்றிப் பட்டியலில் சேர்ப்பவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பது தெளிவு. மற்றொரு வகை, ஒருகாலத்தில் உயிரோடிருந்து மூடப்பட்ட முகவரி. மூடியபின் சில காலம் அது கடிதங்களைத் திருப்பி அனுப்பும். பிறகு ஓசையின்றித் திறந்து ஏற்கத் தொடங்கும். திரும்பி வந்தபோதே பெயரை அடித்துவிட்டவர் இதில் சிக்கமாட்டார், அடிக்காதவர் சிக்குவார். 1998-இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இத்தகைய தடயங்களைக் கொண்டு தடைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. அவற்றைப் பார்த்துப் பல சர்வர்கள் கடிதங்களை வாயிலிலேயே மறுக்கின்றன.

நான்காவது, கேளாதவர் முகவரி. நண்பர் தந்த 900 பேரும் இவ்வகையினர். அவர்கள் மீது பிழையில்லை. நம் சங்கத்தின் பெயரையே கேட்டிராத ஒருவருக்கு வத்தக்குழம்புப் பொடியின் விலை எதற்கு? கதவைத் தட்டியவரைத் திட்டுவதற்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள், அவ்வளவே.

ஐந்தாவது, மௌனமானவர் முகவரி. முகவரி உண்மையானது, ஒருகாலத்தில் விரும்பிக் கொடுத்ததும்கூட. ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் நம் கடிதத்தைத் திறக்கவுமில்லை, விடையளிக்கவுமில்லை. இவர்கள் பலராகப் பெருகினால், “இவர் கடிதத்தை எவரும் படிப்பதில்லை” என்று ஏற்கும் அமைப்பு முடிவு செய்யும். நல்ல முகவரியும் இவ்வாறு சுமையாகலாம்.

“களை பிடுங்காப் பயிர் கால் பயிர்” என்பது நம் பழமொழி. என் வயலில் ஐந்து வகைக் களையும் செழித்திருந்தன. பயிர் கால் பங்காகச் சுருங்கியதில் வியப்பென்ன?

இவற்றுக்கு அளவுகோல்கள் வெளிப்படையாகவே உள்ளன. ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்புவோர்க்கென 2024 பிப்ரவரி முதல் கூகுள் சில விதிகளை நடைமுறைப்படுத்தியது. புகார் செய்வோர் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, 0.1-க்குக் கீழ் இருப்பதே நலம். அதாவது, ஆயிரம் பேருள் மூவர் முகம் சுளித்தாலே அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டதற்கு ஒப்பாகும். இவ்வளவு சிறிய எண் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. என் கணக்கைப் பாருங்கள்: சென்று சேர்ந்த கடிதங்கள் 1,832, தெரிய வந்த புகார்கள் 11, ஆயிரத்துக்கு ஆறு! நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோர்க்கு இன்னும் கடுமையான கட்டளைகள் உண்டு. விற்பனைக் கடிதமாயின், ஒரே அழுத்தத்தில் விலகிக்கொள்ளும் வழி வைத்தல் வேண்டும். விலக விரும்பியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்குதல் வேண்டும். யாஹூவும் அதே காலத்தில் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்குப் பேரளவில் அனுப்புவோர் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2025 மே முதல் வற்புறுத்துகிறது. திரும்பும் கடிதங்களுக்கும் வரம்பு உண்டு. அமேசானின் அஞ்சல் சேவை, திரும்புபவை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ் இருக்கச் சொல்கிறது. பத்தை எட்டினால் அனுப்புதலை நிறுத்தி வைக்கக்கூடும் என்கிறது. என் பதினான்கை எங்கே கொண்டுபோய் வைப்பது!

அனுப்புநர் தம்மை மெய்ப்பிக்க மூன்று சான்றுகள் உள்ளன. எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் இவை என்று அறிவிக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின் மேல் இடும் முத்திரை. வழியில் யாரும் பிரித்து மாற்றவில்லை என்பதற்குச் சாட்சி. டிமார்க் என்பது, இச்சோதனைகளில் தேறாத கடிதம் எங்கள் பெயரில் வந்தால் என்ன செய்யலாம் என்று ஏற்பவருக்கு நாம் தரும் கட்டளை. இம்மூன்றும் நமக்கு முன்பே இருந்தன. ஆனால் வாகனுக்குச் சீல் வைத்திருப்பது உள்ளே இருக்கும் சரக்கு நல்லது என்பதற்குச் சான்றாகாது. கடிதம் நம்முடையது என்பதை மட்டுமே அவை மெய்ப்பிக்கும்; படிக்கத் தக்கவர்க்குத்தான் அனுப்பினோம் என்பதைப் பட்டியலின் தூய்மையே மெய்ப்பிக்க வேண்டும்.

நோயைச் சொன்னேன், இனி மருந்தைச் சொல்கிறேன். அப்பெண் வழிகாட்ட, நான்கு வாரங்களில் நாங்கள் செய்தவை இவை.

வந்த வழி தெரியாத முகவரிகள் அனைத்தையும் முதலில் விலக்கினோம். நண்பரின் 900, ஆண்டு மலரும் படிவங்களும் தந்த 380, குலுக்கலின் 210 ஆகிய எல்லாம் போயின. கை நடுங்கத்தான் செய்தது. சேர்த்த செல்வத்தை வெளியே கொட்டுவதுபோல் இருந்தது. உண்மையில் அது செல்வமன்று, கடன்.

அடுத்து, திரும்பி வந்தவற்றின் விடைகளைப் பிரித்தோம். 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த அஞ்சல் நடைமுறையிலேயே இதற்கு எண்கள் உண்டு. 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. முகவரியே இல்லை என்ற மறுப்பு வந்தால் அப்போதே நீக்க வேண்டும். மறுமுறை முயல்வது வீண். தற்காலிகத் தடையாயின் சில முறை பார்க்கலாம். ஆனால் 5-இல் தொடங்குவதெல்லாம் முகவரி இல்லாமை அன்று. “உம் கடிதத்தை ஏற்கமாட்டோம்” என்று நம்மையே மறுக்கும் விடையும் அவ்வெண்ணில் வரும். எண்ணோடு வரும் வாசகத்தையும் படிப்பது அவசியம்.

நீக்கிய பெயர்களை அழித்துவிடாமல், “எழுதக் கூடாதோர்” என்று தனிப் பதிவேடு ஒன்றில் வைத்தோம். இதன் நுட்பம் எனக்குப் பிறகே புரிந்தது. அடியோடு அழித்துவிட்டால், நாளை வேறொரு தொண்டர் பழைய படிவத்தைப் பார்த்து அதே முகவரியை மீண்டும் ஏற்றுவார். விலகியவருக்கு மறுபடி கடிதம் போகும். வேண்டாம் என்று சொன்னவரை இரண்டாம் முறை தொந்தரவு செய்வதைவிடக் கெட்ட பெயர் வேறில்லை.

பின்னர், எஞ்சிய பழைய 640 பேருக்கும் சிறு சிறு பகுதிகளாக, சில நாள் இடைவெளி விட்டு, ஒரே ஒரு கேள்வி எழுதினோம்: “எங்கள் கடிதம் தொடர்ந்து வேண்டுமா?” 402 பேர் வேண்டும் என்றார்கள். 31 பேர் வேண்டாம் என்றார்கள். விடை தராதவருக்கு இன்னொரு முறை மட்டும் எழுதினோம். அதற்கு 53 பேர் விடை தந்தார்கள். ஏனையோரைத் தனியே வைத்துவிட்டோம். கடிதம் திறக்கப்பட்டதா என்று காட்டும் குறியை மட்டும் நம்பி நாங்கள் முடிவு செய்யவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு முறையில், படிப்பவர் திறக்காமலே திறந்ததுபோல் தோன்றக்கூடும். விடை எழுதுதல், இணைப்பை அழுத்துதல், பண்டம் வாங்குதல் ஆகியவையே நம்பத்தக்க அடையாளம்.

புதிதாகச் சேர்பவர்க்கு இனி இரட்டை ஒப்புதல். முகவரி தந்தவுடன் அவருக்கு ஒரு கடிதம் போகும். அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். பிழை எழுத்தும், பிறர் முகவரியைத் தருவதும் இதனால் வாயிலிலேயே தடைபடும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகும் வழி தெளிவாக இருக்கும். முன்பு அதை நான் மிகச் சிறிய எழுத்தில் ஒளித்து வைத்திருந்தேன்! வெளியேறும் கதவு தெரியாதவன் சன்னலை உடைப்பான். விலகும் வழி காணாதவர்தாம் ஸ்பாம் பொத்தானை அழுத்துகிறார்.

இது விற்பனைத் தந்திரம் மட்டுமன்று. சட்டமும் அறமும் ஆகும். 2023-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இசைவு தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் சட்டத்திற்கு அஞ்சியா நாம் இதைச் செய்ய வேண்டும்? தமிழ் வகுப்பில் குழந்தையைச் சேர்க்க ஒரு தாய் தந்த முகவரியை அப்பளம் விற்க எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் அவரே மகிழ்ந்து தந்திருப்பார். கேளாமல் எடுத்ததே தவறு.

மார்கழி இறுதியில், பொங்கலுக்கான விலைப்பட்டியலை 455 பேருக்கு அனுப்பினோம். கைத்தட்டத் தக்க எண் அன்று. ஆயினும் 118 குடும்பங்கள் பண்டம் கேட்டு எழுதின. பழைய 160-ஐ இன்னும் எட்டவில்லை. கெட்ட பெயர் ஒரு நாளில் வரும், நல்ல பெயர் மெல்லத்தான் திரும்பும். சில வீடுகளில் நம் கடிதம் இன்றும் ஸ்பாம் பெட்டியிலேயே விழுகிறது. அந்த அம்மையார் கடைக்கடனை அடைத்துவிட்டார். தீபாவளிக் கட்டுகளுள் மீந்தவற்றில் இரண்டை என் வீட்டிற்குக் கொடுத்தனுப்பி, “தம்பிக்குப் பட்டியல் பார்க்கத் தெம்பு வேண்டுமே” என்று சொல்லியிருந்தார். அந்த அப்பளத்தைப் பொரித்து உண்டபோது, அதில் உப்பு சற்று அதிகமாகவே எனக்குப் பட்டது.

அன்பர்களே, இதில் உங்கள் பங்கும் உண்டு. இன்றே உங்கள் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். நம் கடிதம் அங்கே கிடந்தால், “ஸ்பாம் அன்று” என்று அழுத்தி வெளியே எடுங்கள். சங்க முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றலாகிச் செல்லும்போது வீட்டு முகவரியோடு மின்னஞ்சல் முகவரியையும் புதுப்பித்துத் தாருங்கள். இறந்துபோன பெரியவர் பெயரில் கடிதம் வந்துகொண்டிருந்தால் ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். அப்பெயருக்குத் தொடர்ந்து எழுதி உங்கள் துயரைக் கிளற நாங்கள் விரும்பவில்லை. எங்கள் கடிதம் வேண்டாமெனில் தயங்காமல் விலகிக்கொள்ளுங்கள். அதனால் உறவு குறையாது. அடுத்த விழாவில் நேரில் கண்டு பேசிக்கொள்வோம்.

உங்களுள் கடை நடத்துவோரும், வீட்டிலிருந்தே புடவையும் தின்பண்டமும் விற்போரும் பலர் இருக்கிறீர்கள். ஐந்தாயிரம் முகவரி சில நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்று யாரேனும் வந்தால் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலின் நீளம் அதன் வலிமையன்று. காத்திருக்கும் நூறு பேர், கேளாத ஆயிரம் பேரினும் மேல்.

அடுத்த திங்கள் வேறொரு பொருளோடு சந்திப்போம்.